சபர் சென்றவர் வீட்டுக் கூடம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிதாக எழும்பியிருக்கும் நம்மவர் இல்லங்களுள் ஒன்றனுள் நுழைந்து பாருங்கள். கண்ணாடி அலமாரியில் துபாய்ப் பீங்கான், சுவரில் வெல்வெட்டில் நெய்த கஃபத்துல்லாஹ், மேலே சரவிளக்கு, தரையில், உறை இன்னும் பிரிக்கப்படாத கம்பளச் சுருள். ஒட்டகப் பொம்மையும் இருக்கும். உருவப் பொம்மையை வைக்கலாமா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது. இவற்றை வாங்கி அனுப்பியவரோ, அங்கே அடுக்குக் கட்டிலில் உறங்குகிறார். ஈராண்டுக்கு ஒருமுறை வந்து, விருந்தாளியைப் போல அந்தக் கூடத்தில் அமர்ந்துவிட்டுப் போகிறார்.

அயல்நாட்டு அழகின்மீது நமக்குள்ள நாட்டம் புதிதன்று. இந்தோசீனா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், புதுச்சேரியை ஒட்டிய நமது கோட்டக்குப்பத்திலிருந்து சைகோன் சென்றவர்கள் உண்டு. அந்நகரின் நடுவே 1935-இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. போன இடத்தில் கட்டினார்கள். திரும்பி வந்த இடத்திலும் கட்டினார்கள். ஆனால் எதைக் கொண்டுவருவது என்பதுதான் வினா.

விடை தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. திண்டிவனத்திற்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் செஞ்சிக்கோட்டை இருக்கிறது. அங்குள்ள கல்யாண மகாலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நாயக்கர் காலத்தது எனக் கருதப்படுவது. சதுரமான முற்றம், அதைச் சூழ்ந்து அறைகள், நடுவே கூம்புக் கூரையுடன் அடுக்கடுக்காய் உயரும் கோபுரம், மேல்தளத்திற்கு நீர் கொண்டுசென்ற மண்குழாய்கள். அதன் வளைவுகள் தக்காணத்து முஸ்லிம் கட்டடக் கலையை நினைவூட்டுபவை. கல்லும் செங்கலும் சுண்ணாம்பும் மட்டும் இம்மண்ணுடையவை! அதே கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் 1717-18-இல் கட்டிய பள்ளிவாசலும் பாரசீகக் கல்வெட்டுடன் நிற்கிறது.

ஹஜ்ஜுக்குச் சென்றவர்களுள் சிலர் ஜித்தாவின் பழைய நகரத்தைக் கண்டிருக்கலாம். 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பகுதி அது. பவளக்கல்லால் எழுப்பிய மாடி வீடுகளின் முகப்பில் மரப்பின்னல் சன்னல்கள் வெளியே துருத்தி நிற்கும். ரவாஷீன் என்பது அவற்றின் பெயர். தெருவில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது, உள்ளிருக்கும் பெண்களுக்குத் தெரு முழுதும் தெரியும், காற்றுக்குத் தடையில்லை. அவற்றுக்கான தேக்கு இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலேறிச் சென்றது. நம் நாட்டு மரம் அங்கே நிழல் தர, நாமோ முற்றத்தை மூடிக் கூரை வார்த்து, சன்னலுக்குக் கண்ணாடி அடைத்து, சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வெந்துகொண்டிருக்கிறோம்.

சரவிளக்கைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அதன் விலையில் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு மேற்குச் சுவருக்கு ஒரு மரப்பின்னல் சன்னல் செய்துவிடலாம் என்கிறேன். ஜித்தாவில் மழை அரிது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆகையால் சன்னலுக்கு மேலே சாய்ப்பு இறக்குவது கட்டாயம். கம்பளத்தைவிடக் கோரைப்பாய் இந்தப் புழுக்கத்திற்கு ஏற்றது, தூசியும் தங்காது.

சகோதரிகளே! "என்ன வாங்கி அனுப்பட்டும்?" என்று அவர் அடுத்தமுறை தொலைபேசியில் கேட்கும்போது, அங்கே தாம் கண்டு மகிழ்ந்த ஒரு சன்னலையோ முற்றத்தையோ படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தச்சருக்கு அது போதும். வீட்டின் எந்தப் பக்கம் அதை வைக்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.