எஸ் என்னும் எழுத்து

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் ஈற்றில் எஸ் எழுத்து வந்தால் அது பன்மையாகலாம், உடைமையாகலாம், பெயரின் உறுப்பாகவே இருத்தலும் கூடும். பெயரே எஸ்ஸில் முடிந்தால் அதன்பின் என் செய்வது என்பதுதான் நம் பிள்ளைகளை வருத்தும் கேள்வி.

வாளையாரில் அலுவல் முடிந்த மாலைகளில் நம்மிடம் விண்ணப்பம் எழுதுவிக்க வருவோர் உண்டு. சென்ற ஆண்டு வந்த தந்தை ஒருவரின் பெயரும் எஸ்ஸில் முடிவது. ‘இன்னாருடைய மகள்’ என்று எழுதப் புகுந்த ஓர் அலுவலகத்தார், உடைமைக்குரிய மேற்குறியை விட்டுவிட்டு எஸ்ஸை மட்டும் பெயரோடு ஒட்டிவிட்டனர். குடும்ப அட்டையில் எஸ் ஒன்று, சான்றிதழில் இரண்டு. இருவரும் ஒருவரே எனச் சான்று காட்டும்வரை உதவித்தொகை இல்லையென்றனர். கூலி வேலை செய்பவர், மூன்று நாட் கூலியை இழந்து பாலக்காட்டுக்கு அலைந்தார்.

விதி கடினமன்று. பஸ் பலவாயின் இ, எஸ் என்னும் ஈரெழுத்தும் சேர்ந்து பஸ்ஸஸ் ஆகும். ஜேம்ஸ் என்பார் இருவராயின் ஜேம்ஸஸ். இங்கே மேற்குறிக்கு இடமேயில்லை. ஒருவரின் உடைமையாயின் மேற்குறியும் எஸ்ஸும் சேர்ப்பர். மேற்குறியோடு நிறுத்துவதும் வழக்கே. ஆங்கிலேயரே இதில் ஒருமனப்பட்டாரில்லை. லண்டனில் செயின்ட் ஜேம்ஸஸ் பார்க் நிலையத்தின் பெயரில் ஜேம்ஸுக்குப் பின் இன்னோர் எஸ் உண்டு; நியூகாசில் நகரத்துக் கால்பந்து மைதானத்தின் பெயரில் அது இல்லை. பலரின் உடைமையாயின் பன்மை எஸ்ஸுக்குப் பின் குறி மட்டும் போதும். ஸ்டேஷன் மாஸ்டர் அறைப் பலகையில் குறி எஸ்ஸுக்கு முன்னும், அதிகாரிகள் ஓய்வு விடுதிப் பலகையில் பின்னும் நிற்கவேண்டும். வர்ணம் பூசுவோர் குறியையே விழுங்கிவிடுவது வேறு கதை!

தமிழோ இவ்விடத்தில் செவியை நம்புகிறது. பஸ்ஸில், பஸ்ஸின் என்று ஒற்று இரட்டும். தாஸ் என்பதில் நெடில் இருப்பதால் தாஸின் என்றே வரும். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வரின் இரட்டும் என்ற நன்னூல் விதியை, அந்நூலைக் கண்டிராத கண்டக்டரும் வழுவாமல் காக்கிறார். பஸ் என்பதும் ‘எல்லோருக்கும்’ எனப் பொருள்படும் ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வாலேயாம். நம் நான்காம் வேற்றுமை உருபு ஒன்று தனியே சாலையில் ஓடுவது போல!

படிவங்களில் நாம் மேற்குறியை நாடுவதில்லை. ‘மகள்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை முதலில் எழுதி, ‘ஆஃப்’ சேர்த்து, அதன்பின் தந்தை பெயரை எழுதுகிறோம். பெயர் குலையாது நிற்கிறது. ஞாயிறு மாலை வருவோர் குடும்ப அட்டையையும் உடன் கொணர்க.