கோடை விடுமுறையில் மதுரையும் கொடைக்கானலும்

 

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வோர் இல்லத்திலும் எழும் முதற்கேள்வி, "இந்த வருடம் எங்கே போகிறோம்?" என்பதுதான். பிள்ளைகள் மலை வேண்டும் என்பார்கள். பெண்கள் கடைத்தெருவும் காண வேண்டும் என்பார்கள். முதியவர்களோ எதுவும் கேட்கமாட்டார்கள். நகரமும் மலையும் ஒருசேர அமைந்த பயணத்துக்கு மதுரையும் கொடைக்கானலும் மிகப் பொருத்தமானவை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர்தான்.

திட்டத்தைக் கூறுமுன் என் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனில் பதினான்கு பேர் கொடைக்கானல் சென்றோம். ஒரே பகலில் ஒன்பது இடங்கள். முழங்கால் வலியால் அவதியுற்ற என் உம்மாவிடம் ஒவ்வோர் இடத்திலும், "வண்டியிலேயே இருங்கள் உம்மா, பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம்" என்று கூறிவிட்டு இறங்கினோம். இரவு வீடு திரும்பியபோது அவர்கள் கோபமில்லாமல் சொன்னார்கள்: "நான் மலையைப் பாக்கல வாப்பா, வேன் சன்னலைத்தான் பாத்தேன்." மறு வருடம் நிதானமாக அழைத்துச் செல்வதாக வாக்களித்தேன். அந்த வருடம் வருமுன்னரே அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். குடும்பப் பயணத்தின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதை நான் கற்றுக்கொண்டது இவ்விதம்தான்.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதல் இரண்டு நாட்களை மதுரைக்கு ஒதுக்குங்கள். மே மாதத்தில் அங்கு வெயில் நாற்பது பாகை செல்சியசைத் தொடும் நாட்கள் உண்டு. ஆதலால் பகல் பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை அறையில் ஓய்வு கொள்ளுங்கள். காலையில் 1636ஆம் ஆண்டு கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மஹாலைக் காணலாம். அதன் பருத்த தூண்களையும், இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாயல் பெற்ற வளைவுகளையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள். பல கைகள் சேர்ந்து உருவாக்கியதே நம் நாட்டின் கலை என்பதை அவ்வளைவுகளே சொல்லிவிடும்.

மாலையில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இங்கு, காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடை வைக்கப்பட்டுள்ளது. அவர் எளியோரின் அரையாடையை ஏற்றதும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீடொன்றில். பெரியார் பேருந்து நிலையப் பகுதியில் உள்ள காஜிமார் பெரிய பள்ளிவாசல் நகரின் மிகப் பழமையான பள்ளிவாசல்களுள் ஒன்று. தொழுகையை அங்கு நிறைவேற்றுவது தனி மனநிறைவு தரும்.

மூன்றாம் நாள் அதிகாலையில் மலையேறுங்கள். கொண்டையூசி வளைவுகளில் குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய உணவு கொடுக்க வேண்டாம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. அப்போதைய நடைமுறையைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. கோடையிலும் இரவில் கம்பளி ஆடை தேவைப்படும்.

கொடைக்கானலில் நடைகளை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது ஏரிக்கரை. 1863ஆம் ஆண்டு லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் உருவான இவ்வேரியைச் சுற்றிவர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், பாதை சமதளம். முதியவர்கள் முடிந்தவரை நடந்து விரும்பிய இடத்தில் அமரலாம். இரண்டாவது கோக்கர்ஸ் வாக். மலைச்சரிவின் விளிம்பில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தளமிட்ட பாதை. பனிமூட்டம் சூழுமுன் காலையிலேயே சென்றால் கீழேயுள்ள சமவெளி தெரியும். மூன்றாவது, வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. மரவேர்களே அங்கு படிகள். இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். இளைஞர்கள் போகட்டும், பாறை விளிம்பில் விளையாட்டு கூடாது.

இதற்கு மேல் காட்டுக்குள் செல்ல விரும்புவோர் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இன்றி ஓரடியும் வைக்கலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் தீப்பற்றினால், காற்றின் துணையோடு அது சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட விரைவாக ஓடும். 2024இல் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முறையாகப் பதிவு செய்து செல்ல வழியுண்டு. தீ அபாயமுள்ள காலத்தில் பாதைகள் மூடப்பட்டால் அதற்குக் கட்டுப்படுவதே அறிவுடைமை.

இன்னொன்று. அடுப்பையும் அரிசி மூட்டையையும் வண்டியில் ஏற்றிச் செல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் வீட்டுப் பெண்களுக்கு அது விடுமுறையன்று, இடம் மாறிய சமையற்கட்டு! ஒரு வேளை சமைத்தால் மறுவேளை ஹலால் உணவகத்தில் உண்ணுங்கள். பார்க்கும் இடங்களில் இரண்டைக் குறைத்தால் அந்தச் செலவு ஈடாகிவிடும்.

சென்ற ஆண்டு என் மாமியை இம்முறைப்படியே அழைத்துச் சென்றோம். ஏரிக்கரையில் நூறடி நடந்ததும், "இங்க இருந்துக்கிறேன்" என்று அமர்ந்தார்கள். இம்முறை நாங்கள் அவர்களை விட்டுச் செல்லவில்லை. நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு சுற்றி அமர்ந்தோம். அஸர் நேரம் நெருங்கும்வரை தம் சிறுவயதுக் கதைகளை என் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று நாங்கள் பார்த்தது ஒரே இடம்தான். என் பிள்ளைகள் இன்றும் பேசுவது அந்த மாலையைப் பற்றித்தான்.

ஆகவே அன்பர்களே, பயணத் திட்டத்தை எழுத அமரும்போது இடங்களின் பட்டியலை முதலில் எழுதாதீர்கள். வீட்டில் மெதுவாக நடப்பவரின் பெயரை முதலில் எழுதி, அவரிடமே கேளுங்கள். அவருக்கு இயன்ற தூரமே உங்கள் பயணத்தின் தூரமாகட்டும். அடுத்த வருடம் என்று தள்ளிப்போட நம் கையில் என்ன இருக்கிறது?

வல்ல அல்லாஹ் உங்கள் பயணங்களை நலமாக்கி வைப்பானாக! வஸ்ஸலாம்.