அறுபடாத வார்

மோட்டார் வண்டியின் என்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்றொரு பல்வார் உண்டு. கிராங்க் இரு சுற்றுச் சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்த ரப்பர் வாரே. அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் இவ்வேலையை இரும்புச் சங்கிலி செய்தது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்னும் சிறிய கார் வாருடன் வந்தபின், ஓசையும் எடையும் குறைவென்று பலரும் அதை ஏற்றனர். எங்கள் வீட்டு 1998ஆம் ஆண்டு மாருதி 800 வண்டியின் மூன்று சிலிண்டர் என்ஜினிலும் வார்தான்.

அந்த என்ஜினை முழுவதும் பிரித்துச் சீரமைத்தோம். போரிங், புதிய பிஸ்டன், ரிங், புதிய வார் என மூன்று வாரம் வேலை நடந்தது. வாரை மாட்டியவன் அப்பட்டறையில் தொழில் பழகும் இளைஞன். எங்கள் தெருப் பிள்ளை. நான்கு மாதம் சென்று, நாங்குநேரியைத் தாண்டியதும் வண்டி சட்டென நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். பானெட்டைத் திறக்குமுன்பே பட்டறைக்காரர் தீர்ப்பளித்துவிட்டார். "பெல்ட்ட இவன்தான போட்டான்! நாளையிலேருந்து வரவேண்டாம்."

அவன் சம்பளத்தில்தான் அவன் தாய் உலை வைக்கிறாள் என்பதை நாங்கள் அறிவோம். "அவனைப் பிறகு பார்ப்போம் அண்ணாச்சி, முதல்ல என்ஜினைப் பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டோம்.

செல்ஃப் போட்டதும் என்ஜின் வழக்கத்தைவிட வேகமாய், தடையே இல்லாததுபோல் சுழன்றது. அமுக்கம் இழந்த என்ஜினின் ஓசை அது. ஒருமுறை கேட்டவர் மறவார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், உள்ளே ரோட்டார் அசையவில்லை. ரோட்டாரைச் சுழற்றுவது கேம் தண்டு. ஆகவே கேம் தண்டே நின்றுவிட்டது. ஆனால் வாரின் மேல்மூடியைத் திறந்து பார்த்தால், வார் அறுபடாமல் முழுதாய் இருந்தது! இங்கேதான் பலர் ஏமாந்து கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குவர். கீழ்ப் புல்லியையும் எடுத்து வாரை உருவியபின்தான் விளங்கிற்று: கிராங்கின் பற்சக்கரத்தைத் தழுவியிருந்த இடத்தில் மட்டும் பற்கள் வழித்தெடுத்தாற்போல் இல்லை.

பழுதான வாரைப் படிப்பது தனிக் கல்வி. மாட்டும்போது மடித்து நசுக்கிய வார் பெரும்பாலும் நேர்கோடாய் அறும். சக்கரங்கள் ஒரே நேரில் அமையாவிடில் விளிம்பு நைந்து நூல் பிரியும். பையன்மீது பழி நிற்க இவற்றில் ஒன்றேனும் வேண்டும், ஒன்றும் இல்லை. இழுவைச் சக்கரத்தின் போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. ஆனால் வார் ஊறிப் பருத்திருந்தது. தொட்ட விரலில் எண்ணெய் ஒட்டிற்று. எண்ணெய் ரப்பரின் எமன். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தோம். கிராங்க் முன்முனையின் ஆயில் சீலிலிருந்து கசிவு. அதன் உதடு கல்லாய் இறுகியிருந்தது. பழைய சீல்! பில்லைப் பிரித்தோம், பிஸ்டனும் பேரிங்கும் இருந்தன, சீல் இல்லை. கீழ்ப்பகுதியைக் கோத்தவர் பட்டறைக்காரரே.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சீலை விரலிடையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிய சீலும் புதிய வாரும் அன்று மாலையே வந்தன. சில என்ஜின்களில் இவ்வேளை வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளைந்துவிடும். எங்கள் நற்பேறு, அமுக்கமானி மூன்று சிலிண்டரிலும் நல்ல அளவே காட்டியது.

வாரை மாட்டியவன் அதே பையன்தான். குறிகளைப் பொருத்தி, கிராங்கைக் கையாலேயே இரு முழுச்சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் நேர்படுகின்றனவா என்று குனிந்து பார்த்தான். விளக்கைப் பிடித்திருந்தவர் பட்டறைக்காரர். "இன்னொரு தடவ சுத்திப் பாருலே" என்றார்.