கியாந்தியில் ஒரு கோப்பை

மது அருந்திய கதையை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் இத்தாலியில் கயோலே என்ற சிற்றூருக்கு அருகே, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தாரிடம் இருந்து வரும் திராட்சைத் தோட்டத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃப்ளாரென்ஸுக்கும் சியன்னாவுக்கும் நடுவிலுள்ள அந்த மேட்டு நிலத்துக்குக் கியாந்தி என்று பெயர். மதுவுக்கும் அதே பெயர்தான். 1716-லேயே அதற்கு எல்லை வகுத்து அரசாணை போட்டிருக்கிறார்கள். இத்தாலியின் பிரதம மந்திரியாக இருந்த ரிக்காசோலி பிரபு, 1872-ல் ஒரு கடிதத்தில் சாம்பாருக்குப் பக்குவம் சொல்வது போல் சொல்லிவிட்டார்: மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே என்ற திராட்சை, அதன் கடுமையைத் தணிக்கக் கனாயோலோ, உடனே குடித்துத் தீர்க்கும் மதுவானால் கொஞ்சம் வெள்ளைத் திராட்சை. இந்தக் 'கொஞ்ச'த்தைப் பின்னால் வந்தவர்கள் தாராளமாக்கி மதுவை நீர்க்க அடித்தார்கள். 2006 முதல் அங்கே வெள்ளைத் திராட்சை கூடவே கூடாது.

எங்களுக்கு வைத்த புட்டியின் விலை பன்னிரண்டு யூரோ. அந்த நாட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு யோசிக்காமல் வாங்கலாம். உப்பில்லாத ரொட்டியோடு ஒரு வாய் குடித்தேன். நாவல் பழத் துவர்ப்பும் நல்ல புளிப்பும் நாக்கைப் பிடித்தன.

ஊற்றியவர் எண்பது கடந்த பெரியவர். அந்த மது நிலவறையிலேயே உழைத்து ஓய்ந்தவர். அவருடைய தகப்பனார் இதே நிலத்தில் வாரக் குடியானவர். பாடெல்லாம் குடியானவனுடையது, விளைவில் பாதி நிலக்காரருக்கு. அத்தகைய புதிய ஒப்பந்தமே கூடாதென்று 1964-ல்தான் சட்டம் வந்தது.

"உங்கள் பாதியை நீங்கள் குடிப்பீர்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். அதை விற்றுத்தான் உப்பும் செருப்பும் வாங்க வேண்டுமாம். பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து வடித்ததுதான் வீட்டுக்கு.

"அப்பா செய்த நல்ல மதுவை என் கலியாணத்தன்றுதான் முதலில் குடித்தேன். அப்பாவும் அன்று இரண்டு கோப்பை குடித்தார். 'பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்றார்."

இதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்ன வீட்டு எஜமானி, அந்த நிலக்காரரின் பேத்தி. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெரியவர் என் கோப்பையை மறுபடி எடுத்து விளிம்பு வரை ஊற்றினார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற மாட்டார்களாம். அந்தப் பெண் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.