பிள்ளையின் திரையில் என்ன இருக்கிறது?



இப்போது பெற்றோர் கூட்டம் வைத்தால் முதல் முறைப்பாடு போன்தான். "சேர், ராத்திரி பகலா அதையேதான் பாக்குறான், அப்படி என்னதான் இருக்கு அதுல?" இந்தக் கேள்விக்கு எங்கள் பாடசாலையில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

அந்தப் போன் எப்படி வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. நாங்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். நீங்கள் கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுத்தீர்கள். பாடசாலை திறந்த பிறகும் போன் லயத்திலேயே தங்கிவிட்டது.

பிள்ளை பார்ப்பதை நாங்களும் பார்ப்போம் என்று மூன்று ஆசிரியர்கள் முடிவெடுத்தோம். பத்தாம் ஆண்டு மாணவர் சிலர் விளையாடுவது 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. ரூன்ஸ்கேப் 2001இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் பழைய வடிவத்தை 2013இல் மீண்டும் திறந்தார்கள், 2018இல் அது போனுக்கு வந்தது. ஒரு கற்பனை நாட்டில் மரம் வெட்டி, மீன் பிடித்து, பூதங்களோடு சண்டையிட்டு நம் ஆளை வளர்க்க வேண்டும். அதே நேரத்தில் உலகமெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் அதற்குள் நடமாடுகிறார்கள். தமிழில் அது கிடையாது.

பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் எங்கள் போன்களில், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் பாடசாலை விட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஆசிரியர் அவன், மாணவர்கள் நாங்கள்.

முதல் நாள் தலை சுற்றியது. மேலே வலது பக்கம் வட்டமாக ஒரு சிறிய வரைபடம். அதில் வெள்ளைப் புள்ளி என்றால் நம்மைப் போல விளையாடும் ஒரு மனிதன், மஞ்சள் என்றால் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பாத்திரம், சிவப்பு என்றால் கீழே கிடக்கும் பொருள். பக்கத்தில் இதயம் போட்ட உருண்டை உயிரைக் காட்டும். புது ஆளுக்கு 10தான். அடி வாங்கினால் குறையும், சாப்பிட்டால் ஏறும். பாதம் போட்ட உருண்டை ஓடும் தெம்பு. பையில் 28 கட்டங்கள், அதற்கு மேல் ஒரு பொருளும் ஏறாது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் தொடங்காதது சிவப்பு, பாதியில் நிற்பது மஞ்சள், முடிந்தது பச்சை. அரட்டைப் பெட்டியும் உண்டு. அங்கே யாரும் யாரோடும் பேசலாம்.

"சேர், தட்டாதீங்க, அமுக்கிப் புடிங்க" என்றான். தட்டினால் ஏதோ ஒரு வேலை தானாக நடக்கும். அமுக்கிப் பிடித்தால் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் விரியும். அதில் படம் இல்லை, வெறும் ஆங்கிலச் சொற்கள்தான்: அட்டாக், எக்ஸாமின், வித்ட்ரோ, டிபோசிட்.

ஆங்கிலத்தில் இருபது புள்ளியைத் தாண்டாத மாணவன் அவன். ஆனால் விரல் அங்குமிங்கும் பறந்தது. உண்மையாகவே வாசிக்கிறானா என்று அறிய, திரையில் உள்ள சொற்களைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டோம். 'வித்ட்ரோ', 'டிபோசிட்' இரண்டையும் உடனே வாசித்தான், வங்கியில் எடுப்பது, போடுவது என்று பொருளும் சொன்னான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை திறக்கும் பைக்கு உரிய 'இன்வென்டரி' என்ற சொல்லை அவனால் வாசிக்க முடியவில்லை. அங்கே பையின் படம் இருக்கிறதே, எழுத்து எதற்கு? படம் இருக்கும் இடத்தில் கண் எழுத்தைத் தாண்டிப் போகிறது. எழுத்து மட்டும் இருக்கும் இடத்தில் பிள்ளை தானாக வாசிக்கப் பழகியிருக்கிறான்.

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'மட்' என்ற விளையாட்டு இந்த வகைக்கு ஒரு முன்னோடி. அதில் படமே கிடையாது. அறை, கதவு, எதிரி எல்லாம் எழுத்தில்தான் வரும், நாமும் எழுத்தில்தான் பதில் கொடுக்க வேண்டும். வாசிக்காதவன் அதில் ஓர் அடி நகர முடியாது. படம் வந்த பிறகுதான் வாசிக்காமலும் விளையாடலாம் என்று ஆனது.

இதில் ஆபத்து எங்கே என்பதையும் பார்த்தோம். ரூன்ஸ்கேப்பில் ஒருவரோடு ஒருவர் பண்டமாற்றுச் செய்ய இரண்டு தடவை சம்மதம் கொடுக்க வேண்டும். முதல் திரையில் பொருட்களின் படம். இரண்டாவதில் நீ கொடுப்பது இது, உனக்குக் கிடைப்பது இது என்று எழுத்தில் வரும். ஒன்றைக் காட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் மாற்றிவிடும் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கத்தான் இந்த இரண்டாவது திரை. எங்களில் ஒருவர் சமைத்த மீன் தருகிறேன் என்று சொல்லிக் கருகிய மீனை வைத்தார். பையன் இரண்டு தடவையும் யோசிக்காமல் 'அக்செப்ட்' தட்டினான். பிறகு பையைப் பார்த்துவிட்டு, "சேர், இது கருகினதாச்சே!" என்றான்.

நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. நம் லயங்களுக்கு வரும் சுயதொழில் கடன் படிவங்களில் எத்தனை அம்மாமார் இப்படி வாசிக்காமல் கையொப்பம் வைத்திருக்கிறார்கள்? வட்டி எவ்வளவு, தவறினால் என்ன என்பதெல்லாம் அந்த எழுத்துக்குள்தான் இருந்தது. கருகிய மீன் போனால் இன்னொன்று பிடிக்கலாம். அடகு வைத்த தோடு போனால் திரும்பி வராது.

கொட்டகலை கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையைக் கூட்டிப் போ என்பது. அந்தப் பையனுக்குத் தெரிந்தது அமுக்கிப் பிடித்தால் வரும் பட்டியல். இந்தத் தவணை ஆங்கில வகுப்பில் அந்தச் சொற்களிலிருந்தே தொடங்குகிறோம். 'டிபோசிட்' வாசிப்பவனிடம் வங்கிப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லப் போகிறோம். இதனால் சாதாரண தரத்தில் புள்ளி கூடுமா என்று இப்போதே சொல்ல முடியாது. விளையாடும் நேரம் குறைய வேண்டும் என்பதிலும் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். போனைப் பறிப்பதற்கு முன்பு பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. மூன்று கேள்வி போதும். இந்தப் புள்ளியில் உண்மையான மனிதன் யார்? இந்த அரட்டையில் உன்னோடு பேசுவது யார், அவன் உன் பாஸ்வேர்டைக் கேட்டானா? இந்தப் பொத்தானைத் தட்டினால் காசு போகுமா? பதில் தெரியாவிட்டால், "தட்டாதே, முதலில் வாசித்துச் சொல்லு" என்று சொல்லுங்கள்.

அப்படியே அடுத்த முறை வீட்டுக்கு ஒரு படிவம் வந்தால் அதையும் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வந்தால் பாடசாலைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.