இற்செறிப்பு

காலை ஏழேகாலுக்கு மாவு மில் நிறுத்தத்தில் டவுன் பஸ் வரும். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒரு மூலையிலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஐம்பது நிமிடப் பயணம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். அதன்பிறகு அந்த பஸ்ஸின் முகமே மாறிவிட்டது. மல்லாட்டை பறிக்கப் போகிறவர்கள், பூக்கட்டி விற்கிறவர்கள், கட்டிக்கொடுத்த மகளைச் சும்மா ஒரு எட்டுப் பார்த்துவர நினைத்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள். இந்தச் சும்மா போவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிது. அதுவரை வெளியே போக ஆஸ்பத்திரி, எழவு, கோயில் என்று ஒரு காரணம் வேண்டும்.

“ஓசி டிக்கெட்டுங்க எல்லாம் உள்ள நகருங்க” என்று கண்டக்டர் கத்திய ஒருநாள், பூக்கூடைக்காரப் பாட்டி திருப்பிக் கேட்டது: “உப்புக்கும் பருப்புக்கும் நான் வரி கட்டலயா? ஓசியாம்ல ஓசி.” பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

இலவசப் பயணத்தால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் ரூபாயில் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஐம்பது நிமிடம்தான் கணக்கு. என் மாணவிகளுக்கு வீட்டில் அப்பா, அண்ணன். கல்லூரியில் நாங்கள். இடையில் இந்த ஐம்பது நிமிடம் மட்டும் யாருடையதும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடன்வாங்கிய நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், ஒரு இயர்போனை இரண்டு பேர் பங்குபோட்டுப் பாட்டுக் கேட்பார்கள், வீட்டில் பேசாத குரலில் பேசுவார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமல் போவேன். அது நான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. ஊருக்கு டீச்சர் என்றால் கண். “ஒரு பார்வை பாத்துக்குங்க டீச்சர்” என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஓட்டுப்போடும் வயதுதான் என் மாணவிகளுக்கு. பதினெட்டு முடிந்தவர்கள் தேர்தலன்று விரலில் மையோடு வந்து காட்டுவார்கள். அதே பெண் ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குப் போகிறது. ஒரு கல்விச் சுற்றுலாவுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். படிவத்தில் ‘பெற்றோர்’ என்று அச்சடித்திருந்தாலும் அம்மாவின் கையெழுத்தோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் படிவங்களை வாங்கி அடுக்கி வைக்கிறவளும் நான்தான்.

இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் வகுப்பில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். அம்பலுக்கும் அலருக்கும் என்ன வேறுபாடு என்பது வழக்கமான இரண்டு மதிப்பெண் கேள்வி. சிலர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர். அலர் எழுந்தால் அடுத்தது இற்செறிப்பு, தலைவியை வீட்டுக்குள் அடைத்துவிடுவது. இதை நடத்தும்போதெல்லாம் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழும். “எங்க தெருவுலயும் உண்டும்மா” என்று யாராவது சொல்வார்கள். அந்த வருடம் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். பெயர் சொல்லமாட்டேன். “அலர் தூத்தற பொம்பளைங்களையும் ஒரு காலத்துல அடைச்சுத்தான வெச்சிருப்பாங்க? அப்பறம் ஏம்மா அவங்களே பேசறாங்க?”

முனைவர் பட்டத்துக்காக அகப்பாட்டுகளோடு ஆறு வருடம் கிடந்தவள் நான். அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பெண்ணின் அப்பாதான் மாவு மில் வைத்திருப்பவர். நல்ல மனிதர். நான் கொண்டுபோகும் அரிசியை வரிசையில் நிறுத்தாமல் அரைத்துக் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை, மில் ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, “பொண்ணு எப்பிடி டீச்சர் படிக்குது?” என்றார். எனக்கு அந்தக் கேள்வியின் சந்தோஷம் மனதில் இருந்தது. “பயமே கிடையாதுங்க அவளுக்கு. வகுப்புல என்னையே கேள்வி கேக்கறா. பஸ்ஸுலகூட சுத்திப் பத்துப் பேரு நின்னா நடுவுல இவதான் பேசிக்கினு வருவா” என்றேன்.

“பசங்களா டீச்சர்?”

“எல்லாருந்தாங்க” என்று சிரித்தேன். மாவுச்சூடு தாங்காமல் பாத்திரத்தை முந்தானையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து நாள் ஆனது. தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள், இன்னொருத்தி என் காலைப் பார்த்தாள். பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போனேன். அம்மா கலர் வாங்கிவந்து கொடுத்தார். “நீங்க நல்லதுதான் டீச்சர் சொன்னீங்க. அந்த மனுசன் காதுல வேற மாதிரி வுழுந்துடுச்சி” என்றார். குற்றம்சாட்டவில்லை, எனக்கு ஆறுதல்தான் சொன்னார். அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். “அப்பாகிட்ட என்னம்மா சொன்னீங்க?” என்றாள். சொன்னேன், ஒரு சொல் விடாமல். “இதுக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வகுப்பில் சிரிப்பார்களே, அதே சிரிப்பு.

அப்பா வந்தார். கோபமெல்லாம் இல்லை. “படிக்க வேணாம்னா சொன்னேன்? மாசம் ஆயிரம் ரூபா வருதே, அத வேணாம்னா சொன்னேன்? மாப்ள வூட்ல கேட்டுட்டாங்க, தையில முடிச்சிடலாம்னு” என்றார். அவர் சொன்னது புதுமைப்பெண் பணம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் வருகிறது. அது அவரவர் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. ஏடிஎம் அட்டை யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். தேவதாசி முறையிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்க ஊர் ஊராகப் பேசி, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலும் எழுதியவர். அவர் பெயரில் முதலில் இருந்தது திருமண உதவித் திட்டம். பணமும், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அதைத்தான் படிப்புக்கென்று மாற்றினார்கள். தாலியைத் தாண்டிப் படிப்புக்கு வர அரசாங்கத்துக்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மாவு மில்காரரை மட்டும் நான் என்ன சொல்ல?

அவளுக்கு வயது பத்தொன்பது. பதினேழாக இருந்திருந்தால் 1098க்கு ஒரு போன் போதும். குழந்தைத் திருமணச் சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் வருவார்கள். அப்படி நான் போன் செய்து ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, அவளே வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லாதவரை, யாரைக் கூப்பிடுவது? தனியாக அவளிடம் கேட்டேன். “வேணாம்னு சொன்னா இன்னிக்கி நிக்கும்மா. நாளைலேர்ந்து இதே வூட்லதான இருக்கணும்” என்றாள். சட்டம் படித்த தோழியிடம் பேசிவிட்டு மறுபடி போனேன். இரண்டாம் முறை கலர் வரவில்லை.

பேரம் பேசித்தான் நவம்பர்த் தேர்வுக்கு அனுப்பவைத்தேன். வருகைப்பதிவு குறைவுக்கான அபராதத்தை நான் கட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. என்னால் கட்ட முடிந்தது அது ஒன்றைத்தான். அவள் பஸ்ஸில் வரவில்லை. தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டு, மூன்று மணி நேரமும் வாசலில் புளியமரத்தடியில் நின்றான். எல்லாத் தாள்களையும் எழுதினாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. பெங்களூரில் இருக்கிறாள். அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டி வைத்திருந்தேன். அந்த ஹால் டிக்கெட் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அவள் கேள்விக்கு வகுப்பில் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அலர் பேசுகிற பெண்கள் எல்லோரும் பொறாமைக்காரிகள் என்றே இத்தனை வருடம் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி பாராட்டத்தான் வாயைத் திறந்திருப்பாள் என்பது உரையாசிரியர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மாவு இப்போது வேறு மில்லில் அரைக்கிறேன். அவர் கண்ணைப் பார்க்கக் கூச்சம். அவருக்கு அப்படி எதுவும் இல்லை, பார்த்தால் “நல்லாருக்கீங்களா டீச்சர்” என்றுதான் கேட்கிறார்.

போன வாரம் பூக்கட்டும் பெண் ஒருவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவர் மகள் முதலாமாண்டு வேதியியல். “எம்பொண்ணு உங்க பஸ்லதான டீச்சர் வருது? யார்கூடயாவது பேசிக்கினு வருதா?”

முந்தின நாள்கூடப் பார்த்தேன். கடைசிப் படிக்கு மேல், ஒரு பையனும் மூன்று பெண்களும். ஏதோ ஒரு கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஜன்னலோரம் உக்காந்தா தூங்கிடுதுங்க. எறங்கற எடத்துல நான்தான் எழுப்பி வுடறேன்” என்றேன்.

“அப்பிடியா? ராத்திரியெல்லாம் படிக்குது பாவம்” என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் எடுத்து என் கையில் வைத்தார்.