பன்னிரண்டாவது கேள்வி

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர்களுக்கு வரும் காகிதங்களோடு ஒரு படிவமும் இருக்கும். அலுவலகங்களில் அதை அட்டஸ்டேஷன் ஃபாரம் என்பார்கள். தபால்துறை, ரயில்வே, சி.ஐ.எஸ்.எஃப்., மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் என்று எங்கே சேர்ந்தாலும் அந்தத் தாளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நிரப்பிய படிவம் எஸ்.பி. அலுவலகத்துக்கு வரும். அங்கே தனிப்பிரிவில் பதிவாகி, கடைசியில் அந்த ஊர் ஸ்டேஷனுக்குரிய தனிப்பிரிவு ஏட்டின் கையில் வந்து நிற்கும். நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அந்த ஏட்டாகவே கழிந்தது.

பெயர், முகவரி, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்கள், பதினைந்து வயதுக்குப் பிறகு படித்த பள்ளி கல்லூரிகள், உங்களைத் தெரிந்த இரண்டு பேர். இவற்றை எல்லோரும் அழகாக எழுதிவிடுவார்கள். பெரும்பாலான துறைகளின் படிவத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி இருக்கும். கைதானதுண்டா, வழக்கு நடந்ததா, காவலில் வைக்கப்பட்டதுண்டா, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்ததுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை உண்டா, பல்கலைக்கழகம் தேர்வெழுதத் தடை விதித்ததா, இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று வரிசையாகக் கேட்கும். பையன்கள் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’, ‘இல்லை’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு வருவார்கள். படிவத்தின் தலையிலேயே, தகவலை மறைத்தால் வேலைக்குத் தகுதி போய்விடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்கள் குறைவு.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடை விழா இல்லாத ஊர் கிடையாது, கொடையில் தகராறு வராத வருடமும் அபூர்வம். தகராறு என்றால் 294(பி), 323, 506(2) என்ற மூன்று பிரிவுகள் அந்தக் காலத்து எஃப்.ஐ.ஆரில் தன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். கெட்ட வார்த்தை, கைகலப்பு, மிரட்டல். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் மாறிவிட்டன, சண்டை மாறவில்லை. இந்த வழக்குகளாவது பையன்களுக்கு நினைவிருக்கும். மறந்துபோவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் முன்னால் இரு தரப்பிலும் பெயர் எடுத்து, ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் முன்னால் நிறுத்தி, அமைதியாக இருப்போம் என்று எழுதி வாங்குவது வழக்கம். வழக்குமில்லை, தண்டனையுமில்லை. ஆனால் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்ததுண்டா என்று படிவம் கேட்பது இதைத்தான். குடித்துவிட்டு பைக் ஓட்டி நீதிமன்றத்தில் கட்டிய அபராதமும் அப்படியே. ஹெல்மெட்டுக்கு ரோட்டில் கட்டுகிற ஸ்பாட் ஃபைன் வேறு, மாஜிஸ்திரேட் போட்ட அபராதம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கோச்சிங் சென்டர்களில் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

ரயில்வேக்குத் தேர்வான ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “ரெண்டு பக்கமும் சமாதானமாயி கேஸ் முடிஞ்சிபோச்சுல்லா சார், அத எதுக்கு எழுதணும்?”

“முடிஞ்சிட்டுன்னுதான் எழுதச் சொல்லுதேன். நடக்கவே இல்லன்னு எழுதாத.”

இது நானாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு உண்டு. கேந்திரிய வித்யாலயா உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், தன்மேல் இருந்த வழக்கைப் படிவத்தில் எழுதவில்லை. பிரிவுகள் கிட்டத்தட்ட நம் ஊர்க் கொடைத் தகராறுப் பிரிவுகள்தாம். அரசே பிறகு அந்த வழக்கை வாபஸ் வாங்கிவிட்டது. இந்தி மீடியத்தில் படித்தவன், ஆங்கிலக் கேள்வி புரியவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. டெல்லி போலீஸ் ஏட்டுப் பதவிக்கு விண்ணப்பித்த ஒருவர் விஷயத்தில் 2011-இல் அதே நீதிமன்றம் மனம் இளகியது. இளவயதில் செய்ததை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வைக்கக் கூடாது என்றது. இப்படி இரண்டு திசையில் போன தீர்ப்புகளை 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து ஒழுங்கு செய்தார்கள். அற்ப வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்கலாம், வழக்கு இருப்பதே தெரியாதவர்மேல் மறைத்தார் என்ற பழியை எளிதில் போடக் கூடாது, உண்மையை எழுதியவரையும் தகுதி பார்த்து நிராகரிக்கும் உரிமை துறைக்கு உண்டு. ஆகவே, உண்மை எழுதினால் வேலை நிச்சயம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. எழுதியவனுக்கு வாதாட ஒரு வழி மிஞ்சும், அவ்வளவுதான்.

என் பக்கத்து வேலைக்கு வருகிறேன். ஸ்டேஷன் பதிவேடுகளைப் பார்ப்பது எளிது. இப்போது கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். வருவதுதான் தொந்தரவு. எங்கள் சரகத்தில் ‘முருகன், த/பெ சுடலைமுத்து’ என்று தேடினால் ஒரு கூட்டமே வரும். வயதும் தெருவும் பொருந்துகிறதா என்று பழைய எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பார்க்காமல் ‘வழக்கு உண்டு’ என்று எழுதுகிறவன் ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்கிறான்.

ஊருக்குள் விசாரிப்பது வேறு வித்தை. நான் மஃப்டியில்தான் போவேன். சீருடையில் வாசலில் நின்றால் வீட்டுப் பெண்கள் பதறிப்போவார்கள், பக்கத்து வீடு கதை கட்டிவிடும். யாரைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். சொந்த சாதிக்காரர் தங்கம் என்பார், எதிர்த் தெருக்காரர் தறுதலை என்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டு, ரேஷன் கடைக்காரரையும் பழைய வாத்தியாரையும் பார்ப்பேன். கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தானா என்று மளிகைக் கடையில் கேட்டால் ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். ஆனால் அது எனக்குத் தெரிந்துகொள்ள. அறிக்கையில் ஏறுவது காகிதம் உள்ள விஷயம் மட்டும்.

பெண்பிள்ளைகளின் படிவம் வந்தால் தெருவுக்கே வாய் நீண்டுவிடும். யாரோடு பேசினாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று நான் கேட்காததையெல்லாம் சொல்வார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஒரு வரிகூட எழுதியதில்லை. ‘விசாரித்ததில்’ என்று தொடங்கி வம்பை அறிக்கையாக்குகிற பழக்கம் எங்கள் துறையில் உண்டு, அதை நான் வெறுக்கிறேன்.

இந்த வேலை எவ்வளவு கனமானது என்பதைக் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டக் காலத்தில் பார்த்தோம். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011, 2012-இல் இடிந்தகரையை மையமாக வைத்து நடந்த போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர்மேல் வழக்குகள் பதிவாயின. தேசத்துரோகப் பிரிவும் அதில் உண்டு. பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம், ‘மற்றும் பலர்’ ஏராளம். அந்தப் பலரில் தானும் ஒருவனா என்று ஒரு மீனவர் வீட்டுப் பையன் எப்படி அறிவான்? படிவத்தில் என்னதான் எழுதுவான்? 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், அணு உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், வழக்குகளை வாபஸ் பெற முயலும்படி சொன்னது. முழுதாக முடியாமல் அது இழுத்துக்கொண்டே போனது. பெயரில்லாத எஃப்.ஐ.ஆரை வைத்து ஒருவனுடைய பாஸ்போர்ட்டையும் வேலையையும் நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்பதே அன்றும் இன்றும் என் கருத்து.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விசாரணைக்கு வந்தவருக்கு ஏதாவது ‘கவனிக்க’ வேண்டும் என்று வீட்டில் ஒரு கவர் தயாராக இருக்கும். வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் அது தயாராக இருக்கிறது. கொடுக்க வேண்டியதில்லை. மோரோ தண்ணீரோ போதும்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு: படிவத்தை நிரப்பும் முன் உங்கள் ஊர் ஸ்டேஷனில் உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எழுதிக் கொடுத்த பிணைப்பத்திரத்தையும் நீதிமன்ற அபராதத்தையும் விடாமல் எழுதுங்கள். கட்டம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி, வழக்கு எண், நீதிமன்றம், முடிந்த தேதி போட்டு, தீர்ப்பு நகலை இணையுங்கள். படிவம் கொடுத்த பிறகு ஏதாவது வழக்கு வந்தாலும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கொடுத்ததன் நகல் ஒன்றை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.